11 மாதம் தேய்த்துப் பார்த்த சந்தனக் கட்டை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போன ஆவணியில் 52.4 கிராம் சந்தனக் கட்டை வாங்கினேன். கிராம் 25 ரூபாய், மொத்தம் 1,310 ரூபாய். நேற்று எடை போட்டேன், 41.4 கிராம் இருக்கிறது. 11 மாதத்தில் 11 கிராம் தேய்ந்திருக்கிறது. எடை விஷயத்தில் நீங்கள் என்னை நம்பலாம். எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தராசு எப்போதும் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும். கொலுசில் ஒரு மணி குறைந்தாலே கண்டுபிடித்துவிடுகிற பழக்கம், வீட்டுப் பூஜை சாமான் வரைக்கும் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரி சிரிப்பாள்.

சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர் "நல்ல சந்தனக் கட்டை சேலத்தில் எங்கே கிடைக்கும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

அம்மாவுக்கு 79 வயது. காலையில் குளித்ததும் கல்லில் சந்தனம் இழைத்து முதலில் முருகன் படத்துக்கு, அடுத்து அப்பா போட்டோவுக்கு, மிச்சத்தை நெற்றியில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். இத்தனை வருஷமும் என் பாட்டி வைத்திருந்த கட்டைதான் ஓடியது. அது தேய்ந்து தேய்ந்து புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. பிடித்து இழைக்க முடியாமல் அம்மாவின் நகம் கல்லில் உரசியதைப் பார்த்துத்தான் புதுசு வாங்கக் கிளம்பினேன்.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன ஆடியில் திருவிழாக் கடை ஒன்றில் ஒரு கட்டை வாங்கினேன். 120 கிராம், 350 ரூபாய். "அசல் மைசூர்க் கட்டைங்க, மோந்து பாருங்க" என்றான் விற்றவன். முகர்ந்தேன். ஆளைத் தூக்குகிற வாசனை. வீட்டுக்கு வருவதற்குள் சட்டைப் பை, பைக் ஹேண்டில்பார் எல்லாம் மணந்தது. 350 ரூபாய்க்கு இவ்வளவா என்று அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மலிவான விலைக்கு யாராவது வெள்ளி கொண்டுவந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். அன்றைக்கு வரவில்லை.

இரண்டு நாள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கல்லை என் முன்னால் கொண்டுவந்து வைத்து, "கண்ணு, இது சந்தனமா, சென்ட் அடிச்ச விறகா?" என்றார். வயசானவர் மூக்கு, மழுங்கியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பட்டறைக்கு எடுத்துப்போய் சின்ன ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். வெட்டின முகம் வேப்பங்குச்சியின் உட்புறம் மாதிரி வெளுப்பு. ஓரத்தில் மட்டும் ஒரு நூல் கனத்துக்கு மஞ்சளாக ஏதோ ஊறியிருந்தது. நடுவில் முகர்ந்தால் தச்சுப் பட்டறை வாசனை. என் பட்டறைப் பையன், "அண்ணா, பித்தளைக்கு முலாம் போட்ட மாதிரியே இருக்குதுங்ணா" என்றான். அவனுக்கு 19 வயசு. நான் 30 வருஷமாக உரைகல் பிடிக்கிறவன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. வெள்ளியை யாராவது கண்ணால் பார்த்து வாங்குவார்களா? கல்லில் ஒரு கோடு இழுத்துத்தானே டச், அதாவது சுத்தம், பார்க்கிறோம். சந்தனத்தை மட்டும் ஏன் முகர்ந்து பார்த்து வாங்குகிறோம்? வாசனையைத்தான் எவன் வேண்டுமானாலும் பாட்டிலில் விற்கிறானே. முலாம் மேலோடு போய்விடும். கல்லில் நாலு சுற்றுச் சுற்றினால் உள்ளே இருப்பது வெளியே வந்தே ஆக வேண்டும்.

இனி அசல் கடைக்கு வருகிறேன். பேர் போடவில்லை, கேட்கிறவர்களுக்கு வழி சொல்கிறேன். செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பழைய மர அலமாரியோடு இருக்கிற கடை. வாசலில் சாக்கில் கடுக்காயும் நெல்லிமுள்ளியும். உள்ளே போனால் மூக்கு வேலை செய்யாது. வசம்பு, சித்தரத்தை, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், பச்சைக் கற்பூரம் எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் சந்தனத்தை முகர்ந்து பார்த்து என்ன தெரியப்போகிறது?

பெரியவருக்கு 65 வயது இருக்கும். பேச்சு குறைவு. சந்தனக் கட்டை என்றதும் அலமாரியின் கீழ்த் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். நியூஸ் பேப்பரில் சுற்றிய மூன்று துண்டுகள். ஒன்று கிராம் 16 ரூபாய், ஒன்று 20, ஒன்று 25. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன். முதல் துண்டைத் திருப்பிக் காட்டினார். நடுவில் தேன் நிறம், சுற்றி ஒரு விரல்கடை அகலத்துக்கு வெளுப்பு. "இந்த வெள்ளைக்கு வாசம் கிடையாதுங்க. எடைக்குத்தான் ஆகும். 25 ரூபாய்க் கட்டை வேரோட ஒட்டின அடிப்பாகம், முழுக்க வைரம்" என்றார். வைரம் என்றால் மரத்தின் நடுவில் இருக்கிற கெட்டியான பாகம். சந்தன மரத்தில் வேர்ப்பக்கத்து வைரத்தில்தான் எண்ணெய் அதிகம். மேலே போகப் போகக் குறையும். 16 ரூபாய்த் துண்டில் பாதி எடை வெள்ளை. கணக்குப் போட்டால் வாசனைக்குக் கொடுக்கிற காசு அதில்தான் ஜாஸ்தி. இதை அவரே வாயைத் திறந்து சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் கேட்காமலே கல்லை எடுத்து வைத்தார். மூன்று சொட்டுத் தண்ணீர், 25 ரூபாய்க் கட்டையின் வெட்டு முகத்தை வைத்து மெதுவாக ஒரே பக்கமாகச் சுற்றினார். கல்லில் முதலில் தண்ணீர் மட்டும் மினுங்கியது. ஒரு நிமிஷம் கழித்து ஓரத்தில் பால் ஏடு மாதிரி ஒரு வெளிர் மஞ்சள் கோடு சேர்ந்தது. அதை விரலால் வழித்து என் மணிக்கட்டில் தடவி, "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னார்.

போனேன். எதிரில் டீக்கடை, பக்கத்தில் வடைச் சட்டி. தடவிய உடனே முகர்ந்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. திருவிழாக் கட்டை போட்ட கூச்சலில் கால்வாசி கூட இல்லை. கொஞ்சம் புளிப்பாக, பச்சை மரமாக இருந்தது. டீ குடித்து, தெரிந்தவர் ஒருவரிடம் வெள்ளி விலை பேசி, அரை மணி நேரம் ஓடிவிட்டது. சந்தனம் காய்ந்து தோலில் வெடித்திருந்தது. கையைத் தூக்கி முகர்ந்தேன். பாட்டி வீட்டுப் பூஜை மாடம் அப்படியே வந்துவிட்டது. வடை எண்ணெய் வாடைக்கு நடுவில், சத்தம் போடாமல், இறங்காமல் நின்றது. சாயங்காலம் பட்டறையில் அதே கையால் வேலை செய்துகொண்டிருந்தபோதும் இருந்தது. சந்தன எண்ணெய் மெதுவாகத்தான் ஆவியாகும். அத்தர் காய்ச்சுகிறவர்கள் மற்ற பூக்களின் வாசனையைப் பிடித்து நிறுத்த இதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்வார்கள்.

பில் விஷயம். முதலில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சரியான பில் வேண்டும் என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் பெரியவரின் மகன் போனிலிருந்து தலையைத் தூக்கிப் போட்டுக் கொடுத்தான். இது எனக்குப் பிடிக்கவில்லை. சந்தனம் மஞ்சள் கிழங்கு மாதிரி கிடையாது. சேலத்திலேயே வனத்துறைக்குச் சந்தனக் கிடங்கு இருக்கிறது. முன்பெல்லாம் நம் பட்டா நிலத்தில் தானாக முளைத்த மரம் என்றாலும் அது சர்க்கார் மரம்தான். 2002-ல் தமிழ்நாட்டில் சட்டத்தை மாற்றி, மரம் நிலத்துக்காரருக்கே சொந்தம் என்று ஆக்கினார்கள். ஆனாலும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. இதற்கெல்லாம் மூலம் திப்பு சுல்தான். 1792-ல் சந்தனத்தை அரச மரம் என்று அறிவித்தார். அரச மரம் என்றால் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிற அரச மரம் இல்லை, அரசாங்கத்துக்குச் சொந்தமான மரம். அதே 1792-ல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலத்தையும் பாராமகாலையும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனிடம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ஊர் கை மாறினாலும் சந்தனம் சர்க்கார் கண்ணை விட்டு விலகவில்லை. ஆகவே 50 கிராம் வாங்கினாலும் எடையும் பொருளும் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள்.

கட்டை வாங்கிய பிறகுதான் எனக்கு மரத்தைப் பார்க்க ஆசை வந்தது. மச்சான் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே காபி. வேலியோரமாக நடந்துபோய், "இதுதான் மாமா" என்று ஒரு மரத்தைக் காட்டினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். கருவேப்பிலை மரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. கிளைகள் களைத்துப்போன மாதிரி தொங்குகின்றன. எதிரெதிராகச் சின்ன இலைகள். கசக்கி முகர்ந்தேன், வெறும் பச்சிலை. பட்டையை முகர்ந்தேன், ஒன்றும் இல்லை. பூவுக்கும் வாசம் கிடையாதாம். இத்தனை பேர் போட்டி போடும் மரம் வேலியோரத்தில் ஏழை உறவுக்காரன் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

யாரும் நட்டது இல்லை. பழம் சின்னதாக, கறுப்பாக இருக்கும். பறவைகள் தின்று கொட்டையை வேலியில் போட்டுவிட்டுப் போகும், முளைத்துக்கொள்ளும். தனியாக விட்டால் தேறாது. அதன் வேர் பக்கத்துச் செடிகளின் வேரைக் கவ்விக்கொண்டு தண்ணீரையும் உப்புச் சத்தையும் உறிஞ்சும். சாப்பாட்டை மட்டும் தன் இலையிலேயே தயாரித்துக்கொள்ளும், அதனால் பாதி ஒட்டுண்ணி. நாற்றுப் போடுகிறவர்கள் பக்கத்திலேயே துவரை விதைப்பது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும், "ஓசியில வளந்ததுக்கா இத்தனை மரியாதை!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

அந்த மரத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு காயம். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி, நடுவில் ஒரு துளை. காயத்தைச் சுற்றிப் பட்டை உதடு மாதிரி தடித்து மூட முயன்றிருந்தது. "வைரம் ஏறிடுச்சான்னு பாக்கப் போட்டது மாமா. ஏறலை, அதான் மரம் இன்னும் நிக்குது" என்றான் மச்சான். வைரம் பாயத் தொடங்கவே பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். நல்ல கனத்துக்கு 30 வருஷம் வேண்டும். அதுவரை வெட்டினாலும் உள்ளே வெறும் வெள்ளைதான். துளையில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது, வாசம் இல்லை.

மருந்துக்கு எப்படி என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் மட்டும். சித்த வைத்தியத்தில் சந்தனம் குளிர்ச்சி. சித்திரை வெயிலில் பட்டறையில் ஊதுகுழல் முன்னால் உட்கார்ந்தால் கழுத்தும் முதுகும் வேர்க்குருவாகக் கொப்பளிக்கும். அம்மா இரவில் கெட்டியாக இழைத்துத் தடவினார். பத்து நிமிஷம் நிஜமாகவே ஜில்லென்று இருந்தது, அரிப்பு அடங்கித் தூங்கினேன். வேர்க்குரு போய்விடவில்லை. இரண்டு மழை பெய்து வெயில் தணிந்த பிறகுதான் போனது. அவ்வளவுதான், கூடச் சொன்னால் பொய்.

கடையில் நான் நின்ற நேரத்திலேயே ஒரு பெண் முகத்துக்குச் சந்தனம் கேட்டார். மகன் பேசாமல் செஞ்சந்தனக் கட்டையை எடுத்துக் கொடுத்தான். அவர் திருப்பித் திருப்பி முகர்ந்து பார்த்து, "இது வாசமே இல்லைங்களே, பழசா?" என்றார். பழசு இல்லை, மரமே வேறு. செஞ்சந்தனம் வேங்கை மரத்துக்குப் பங்காளி, கடப்பா, சித்தூர்ப் பக்கத்து மலைகளில் வளர்வது. சந்தனத்துக்கும் அதற்கும் பேரில்தான் உறவு. முகத்துக்கு அதையும் அரைத்துப் போடுகிறார்கள், சரி. ஆனால் எது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுத்திருக்கலாம். பெரியவர் இருக்கிற நேரத்தில் போங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு குறை, அந்தக் கடைக் கல். "கல்லும் இருக்குதுங்க, 280 ரூபாய்" என்றார்கள். பாட்டி கல் ஓரத்தில் உடைந்திருந்ததால் வாங்கிவிட்டேன். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. சந்தனத்தோடு கல்லும் கரைந்தது. நெற்றியில் வைத்தால் மணல் நறநறத்தது. மாற்றிக் கொடுத்தார்கள், மாற்றியதும் அதே லட்சணம். கடைசியில் பணத்தை வாங்கிக்கொண்டு, உடைந்த கல்லிலேயே அம்மா இழைக்கிறார். கட்டைக்கு அந்தக் கடை, கல்லுக்கு வேறு இடம்.

தப்பு என் பக்கத்திலும் ஒன்று. முதல் மாசம் ஈரமாக இருக்கிறதே என்று கட்டையை மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். மத்தியானம் எடுத்தபோது வெட்டு முகத்தில் மயிரிழை விரிசல். நல்லவேளை, மேலே மட்டும், தேய்க்கத் தேய்க்கப் போய்விட்டது. இழைத்ததும் துணியால் துடைத்து நிழலில் வையுங்கள். தண்ணீரில் ஊறப் போடவே கூடாது.

செலவுக் கணக்கு இது. மாசம் ஒரு கிராம், அதாவது 25 ரூபாய். இருக்கிற 41.4 கிராம் இன்னும் மூன்றே கால் வருஷத்துக்குக் குறையாது. முன்பு இடையில் ஓட்டிய சந்தன வில்லைக்கும் பாக்கெட் பொடிக்கும் இதைவிட அதிகம் போனது. அதில் மஞ்சள் நிறம் நெற்றியில் இரண்டு நாள் நின்றது, மணம் இரண்டு நிமிஷம் நின்றது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு வைக்கிற கிண்ணத்திலும் இப்போது பெரும்பாலும் அந்தச் சரக்குதான். சந்தனம் மிஞ்சினால் எங்கே பூசிக்கொள்வது என்று ஒரு பழமொழி இருக்கிறது, தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். கிராம் 25 ரூபாய் விற்கும்போது மிஞ்சுகிறதாவது!

கடை காலை 10 மணிக்குத் திறக்கும். மத்தியானம் ஒன்றரையிலிருந்து நாலு வரை பூட்டு. ஜிபே வாங்குகிறார்கள். வண்டி நிறுத்த இடம் இல்லை, மெயின் ரோட்டில் விட்டுவிட்டு நடந்துதான் போக வேண்டும். அங்கேயே வாங்கிய குங்கிலியம் சுத்தமாக இருந்தது, வெள்ளிக்கிழமை தணலில் போட்டால் கரி வாடை இல்லாமல் புகைகிறது. கம்ப்யூட்டர் சாம்பிராணி எல்லாக் கடையிலும் இருக்கிற அதே சரக்கு.

நேற்று எடை போட்டு முடித்து, தசமப் புள்ளிக்கு அப்புறம் வருகிற இலக்கத்தைப் பார்க்க மறுபடியும் கட்டையைத் தராசில் வைத்தேன். பின்னால் அம்மா ஈரத் தலையோடு கல்லை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "நீ தூக்கித் தூக்கி வெச்சே பாதி தேஞ்சுடும். முருகனுக்கு நேரமாச்சு, குடு கண்ணு இங்க" என்று பிடுங்கிக்கொண்டு போனார்.